மீன் குறியும் ‘ஆர்.என்.’ என்ற இரண்டெழுத்தும்: பெயரில்லாத கார்ட்டூன்களை வரைந்தது யார்?

வாசகர் கடிதம்

ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவரின் அண்ணன் பல வருஷம் ஊர் சுகாதாரக் கமிட்டி ஒன்றில் தொண்டு செய்தவர். அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கார்ட்டூன் தொகுப்பு இருந்தது. ஸ்டேப்பிள் அடித்த சின்னப் புத்தகம், 56 பக்கம். அட்டை பாதி கிழிந்துவிட்டதால் தலைப்பும் வருஷமும் தெரியவில்லை. டிபி, எய்ட்ஸ், சர்க்கரை வியாதி, குடி என்று பல விஷயங்களைப் பற்றிய படங்கள். பெரும்பாலும் ஆங்கிலம், கொஞ்சம் ஜூலு, மூன்று படங்களில் மட்டும் தமிழ். கடைசிப் பக்கத்தில் ‘படம் வரைந்து தந்த நண்பர்களுக்கு நன்றி’ என்று இருக்கிறதே தவிர ஒருவர் பெயரும் இல்லை. சில படங்களின் மூலையில் மீன் மாதிரி ஒரு குறி, சிலவற்றில் ‘ஆர்.என்.’ என்று இரண்டெழுத்து, மற்றவற்றில் ஒன்றுமே இல்லை. புரட்டாசி விரதம் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு சுகாதார நாள் நடத்துகிறோம். இதை மறுபடி அச்சடித்து அன்றைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். ‘இது நந்தா சூபென் வரைந்ததுதான், அவர் பேரைப் போட்டுவிடுவோம்’ என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வரைந்தவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கிடைக்காவிட்டால் என்ன போடுவது? அச்சடிக்கத்தான் செய்யலாமா? பன்னிரண்டு பக்கங்களைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் மனசு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. டர்பனில் கார்ட்டூன் என்று சொன்னாலே நம்மவர்கள் வாயில் சூபென் பெயர்தான் வரும். கேப் டவுன் பக்கம் போனால் இதே மாதிரிப் படங்கள் எல்லாம் ஸாப்பிரோ கணக்கில் ஏறும். ஊரறிந்த பெயருக்கு இப்படி ஒரு ராசி உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் படமெல்லாம் அதனிடம் போய் ஒட்டிக்கொள்ளும். சூபென் கையெழுத்தோடு பத்திரிகைகளில் வந்த படங்களை உங்கள் பன்னிரண்டு பக்கங்களோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் அந்தக் கை எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதை மட்டும் நம்பிப் பெயர் போடச் சொல்லியிருக்க மாட்டேன்.

பழைய துண்டுப் பிரசுரம், போஸ்டர், நோட்டீஸ் இவற்றை யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று பார்த்துப் பட்டியல் போடுவது என் பிழைப்பு. அதில் கோட்டைப் பார்த்து ஆளைச் சொல்வது கடைசியில் செய்கிற காரியம். வரைந்தவர் பெயர் பெரும்பாலும் படத்துக்கு வெளியேதான் கிடைக்கும்: ரசீதில், கமிட்டி நோட்டில், அச்சகக் கணக்கில், யாரோ யாருக்கோ எழுதிய நன்றிக் கடிதத்தில். கோடு அதற்கு அப்புறம் வந்து ஆமாம் என்று சொல்லும், இல்லாவிட்டால் சந்தேகத்தைக் கிளப்பும். அதனால் பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

முதலில் காலத்தைப் பிடிப்போம், அதற்குப் படங்களே உதவுகின்றன. நீங்கள் அனுப்பிய மூன்றாவது பக்கத்தில் கிளினிக் பலகையில் ‘நாட்டால்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாகாணத்தின் பெயர் குவாஸூலு-நாட்டால் ஆனது 1994-இல். ஆகவே அந்தப் படம் அதற்கு முன்னால் வரைந்ததாக எண்ண இடமிருக்கிறது. ஏழாவது பக்கத்தில் நர்ஸம்மா சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்தியிருக்கிறார். அந்த ரிப்பன் நியூயார்க்கில் பிறந்ததே 1991-இல்தான். பத்தாவது பக்கத்தில் ஒரு பையன் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று எழுதிய டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறான். 1998 டிசம்பரில் இங்கே குவாமாஷுவில் குகு த்லாமினி, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன காரணத்துக்காக அடித்துக் கொல்லப்பட்டார். எச்.ஐ.வி. மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று போராட அதே மாதம் 10-ஆம் தேதி தொடங்கிய ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்காரர்கள் அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஆக அந்தப் படம் 1999-க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. மறுபுறம், நீங்கள் அனுப்பியவற்றில் எதிலுமே அரசு கிளினிக்கில் எச்.ஐ.வி. மருந்து வாங்கும் காட்சி இல்லை. அது 2004-இல்தான் நம் நாட்டில் தொடங்கியது. இல்லாததை வைத்து அழுத்திச் சொல்லக் கூடாது, ஆனாலும் குறித்து வைக்கலாம்.

டிபி நோயாளி மாத்திரை விழுங்குவதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும் படத்தைக் காலத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த முறையைத் தென்னாப்பிரிக்கா தேசியத் திட்டமாக ஏற்றது 1996-இல் என்றாலும், கண்முன்னே மருந்து கொடுக்கும் பழக்கம் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 1994-க்கு முந்தைய படமும் 1999-க்குப் பிந்தைய படமும் ஒரே புத்தகத்தில் இருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து மொத்தத்தையும் வரைந்து கொடுக்கவில்லை. அங்கங்கே வந்த படங்களைச் சேர்த்துப் பிற்பாடு தொகுத்திருக்கிறார்கள். 2000 ஜூலையில் டர்பனில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி இந்த ஊரில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ பிரசுரங்கள் வந்தன. உங்கள் புத்தகம் அந்த அலையில் வந்திருக்கலாம். அப்படியானால் ‘இதை வரைந்தது யார்?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்க முடியாது, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அலுப்புப் பிடித்த வேலைதான். வேறு வழி இல்லை.

ஏன் கையெழுத்துப் போடாமல் விட்டார்கள் என்று கேட்பீர்கள். பழைய படங்களுக்கு அரசியல் காரணம் இருக்கக்கூடும். 1986 ஜூனில் நாடு முழுக்க அறிவித்த அவசர நிலை, மற்ற இடங்களில் எடுத்த பிறகும் நாட்டாலில் 1990 அக்டோபர் வரை நீடித்தது. அந்த வருஷங்களில் ஊர்க் கமிட்டிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் படம் போட்டவர்கள் பெயரைப் போடாமல் பழகினார்கள். கூட்டாகச் செய்த வேலைக்குத் தனி ஆளின் பெயர் எதற்கு என்ற கொள்கையும் சேர்ந்துகொண்டது. பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. அரசுச் சுகாதாரத் துறையில் சம்பளத்துக்கு வரைந்தவர்களுக்குப் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கமே பொதுவாக இல்லை. இவை தவிர இன்னொன்றும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சிலவற்றுக்கு இங்கே யாரும் ‘வரைந்தே’ இருக்க மாட்டார்கள். நீங்கள் அனுப்பியதில் வயிற்றுப்போக்குக் குழந்தைக்குத் தாய் கரண்டியால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டும் படம், உச்சிக்குழி உள்வாங்கிய குழந்தையின் தலை, இந்த இரண்டும் மற்ற படங்களோடு ஒட்டவே இல்லை. நகைச்சுவையும் கிடையாது, எளிய கோட்டில் பாடம் சொல்கிற படங்கள். இத்தகையவற்றுக்கு முதலில் டேவிட் வெர்னரின் ‘வேர் தேர் இஸ் நோ டாக்டர்’ புத்தகத்தைப் புரட்டிவிட்டு வாருங்கள். ஆங்கிலத்தில் 1977-இல் வந்தது. உலகம் முழுக்க ஊர்ச் சுகாதார ஊழியர்கள் கையில் இருந்த நூல், படங்கள் பலவற்றை வெர்னரே வரைந்தார். லாபத்துக்கு விற்காமல் இலவசமாகவோ அடக்க விலைக்கோ கொடுத்தால் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பக்கத்திலேயே அனுமதி கொடுத்திருந்தார்கள். அதனால் அந்தப் படங்கள் எங்கெங்கோ போய் முளைத்தன. அப்படி ஒன்று சிக்கினால் ஒரு படத்தின் கதை சட்டென்று முடிந்துவிடும். அது போல, பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் நிறப் பகுதிகளில் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அலை அலையாகத் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை அச்சான படத்தை மறுபடி படமெடுத்தால் வரும் கோளாறு அது. அவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். பத்திரிகைக் கோப்புகளில் தேட வேண்டியவை.

இப்போது மீன். அதைக் கையெழுத்து என்று எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். மீன் கிறிஸ்தவர்களின் பழைய அடையாளம். எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்த தேவாலயக் குழுக்கள் இங்கே பல உண்டு. அந்தப் படங்களை ஒரு குழு கொடுத்தது என்பதற்கான முத்திரையாகவும் இருக்கலாம், ஏதாவது வடிவமைப்பு ஸ்டூடியோவின் சின்னமாகவும் இருக்கலாம். மீன் போட்ட படங்களை மட்டும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே கை என்றால் ஆள். வெவ்வேறு கை என்றால் அமைப்பு. நீங்கள் அனுப்பியதில் மீன் உள்ளவை இரண்டு; இரண்டும் ஒரே கையாக எனக்குப் படவில்லை.

‘ஆர்.என்.’ இன்னும் வேடிக்கை. பெயரின் தலைப்பெழுத்தாக இருக்கலாம். ரெஜிஸ்டர்ட் நர்ஸ் என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம். வசனத்தை எழுதிக் கொடுத்த நர்ஸ் தன் பட்டத்தை மட்டும் போட்டிருந்தால்? இல்லை, ஒலி விளையாட்டாகவும் இருக்கலாம். நம் நாட்டிலேயே ஆண்டி மேஸன் என்ற கார்ட்டூனிஸ்ட் ‘என்.டி. மேஸின்’ என்று கையெழுத்துப் போட்டார், சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அவர் பெயரே வரும். ஜானதன் ஷாபிரோதான் ஸாப்பிரோ. அந்தக் கணக்கில் உங்கள் ஆர்.என். ஓர் அருணாகக்கூட இருக்கலாம். ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ்கள் உங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் மூத்தவர்களிடம் அந்த ஐந்தாறு படங்களைக் காட்டுவது நல்லது.

மூலைகளில் ஒன்றுமே இல்லாத படங்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். சின்னப் புத்தகத்தில் அடங்குவதற்காகப் படத்தின் ஓரத்தை வெட்டும்போது முதலில் பலியாவது கையெழுத்து. ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு வளைவு, ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். செருப்பின் அடிப்பாகம், சுவரில் ஒரு செங்கல், புல்லின் கோடுகள், இங்கெல்லாம் கையெழுத்தை ஒளித்துவைக்கிறவர்கள் உண்டு. அச்சுக்குப் பிளேட் போடும்போது படம் திரும்பியிருந்தால் கையெழுத்து கண்ணாடியில் தெரிவது போல் இருக்கும். போனில் படமெடுத்து இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். போன் படம் இதற்குத்தான். மற்றதற்கு ஸ்கேனர் வேண்டும்.

உங்கள் புத்தகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது அந்த மூன்று தமிழ்ப் படங்கள். அவற்றில் வசன பலூனின் ஓரத்தைக் கவனித்தீர்களா? மெல்லிய ஒரு கோடு பலூனைச் சுற்றி, கொஞ்சம் கோணலாக ஓடுகிறது. வேறு மொழி வசனத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டித் தமிழை எழுதி, அதை அப்படியே படமெடுத்துப் பிளேட் போட்டிருக்கிறார்கள். ஒட்டிய தாளின் விளிம்பு விட்ட நிழல்தான் அந்தக் கோடு. ஆக, படம் வரைந்தவர் வேறு, தமிழ் எழுதியவர் வேறு. ‘இல்லை’, ‘வேலை’ என்ற சொற்களில் அவர் லையை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். முன்னால் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. ‘பிறகு பார்க்கலாம்னா’ என்ற இடத்தில் னாவும் பழைய சுழி. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்தைச் சீர்திருத்தியபோது இவற்றைத்தான் மாற்றினார்கள். அதற்கு முன் எழுதப் படித்தவர், அல்லது அப்படிப் படித்தவரிடம் கற்றவர், அந்த வசனங்களை எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் எழுத்து வந்த பிறகும் பேனாவை விடாத ஒரு கை.

தொண்ணூறுகளின் டர்பனில் அச்சுக்குக் கொடுக்கிற அளவுக்குத் தமிழைக் கையால் அழகாக எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கோயில் நோட்டீஸுக்கும் காவடி அறிவிப்புக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் யாரிடம் போய் எழுதி வாங்கினீர்கள்? தமிழ்ப் பள்ளி வாத்தியார் யார்? இதற்கெல்லாம் உங்கள் வயதுக்காரர்களிடம் ஒரே மாலையில் பதில் கிடைக்கும். பழைய நோட்டீஸ்களில் இருக்கும் எழுத்தோடு பலூன் எழுத்தை ஒப்பிடலாம். படக்கோட்டை ஒப்பிடுவதைவிட இது எளிது, ஏனென்றால் ஒரே சொல் இரண்டிலும் இருக்கும். அந்த எழுத்துக்காரர் படத்தை வரைந்தவரல்ல என்றாலும், மூலப் படத்தைக் கையில் வாங்கிப் பலூன் ஒட்டியவர் அவர். யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், எந்த அச்சகத்துக்குப் போனது என்று அவருக்கோ அவர் வீட்டாருக்கோ தெரிந்திருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இங்கேதான் தொடங்குவேன்.

அச்சகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுமக்களுக்குக் கொடுக்கும் அச்சுப் பிரசுரத்தில் அச்சடித்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 1971-ஆம் வருஷத்துச் சட்டமும் சொன்னது, 1993-இல் வந்த இம்பிரிண்ட் சட்டமும் சொல்கிறது. கிழிந்தது முன் அட்டை என்றால், பின் அட்டையின் உள்பக்கத்தின் அடியில், முதுகு மடிப்பை ஒட்டி, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கிரே தெருவைச் சுற்றி (இப்போது டாக்டர் யூசுப் டாடூ தெரு) நம்மவர்கள் நடத்திய அச்சகங்கள் இருந்தன. மூடிப்போன அச்சகத்தின் பழைய வேலை நோட்டும் உறைகளும் மகன் வீட்டு கராஜில் கிடப்பது புதிதல்ல. மூலப் படம் கிடைத்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை சதவீதம் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு, ஒரு டெலிபோன் நம்பர், ‘திருப்பிக் கொடுக்கவும்’ என்று ஒரு பெயர், எல்லாம் பென்சிலில் அங்கேதான் இருக்கும்.

கிழியாத பிரதி ஒன்று எங்கேயாவது இருக்கலாம். பதிப்பாளர்கள் சட்டப்படி பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது, ம்ஸுண்டூசி முனிசிபல் நூலகம். சின்னக் கமிட்டிகள் எல்லாம் சட்டம் தெரிந்து அனுப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டுப் பார்ப்பதில் செலவில்லை. அதைவிட வாய்ப்பு அதிகம் உள்ள இடம் குவாஸூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம். இந்திய வம்சாவளி அமைப்புகளின் காகிதங்களும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே சேர்கின்றன. ‘லீடர்’, ‘போஸ்ட்’ பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பார்க்க நேர்ந்தால் வருஷம் முழுக்கப் புரட்ட வேண்டாம். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம், மார்ச் 24 டிபி தினம், நவம்பர் 14 சர்க்கரை நோய் தினம். இவற்றை ஒட்டிய இதழ்களில்தான் ‘விழிப்புணர்வுப் புத்தக வெளியீடு’ என்று ஒரு மூலைச் செய்தி, ஒரு குழுப் புகைப்படம் வரும். புகைப்படத்தின் அடியில் பெயர்கள் இருக்கும்.

அண்ணனுடைய பெட்டியை ஒழுங்குபடுத்தித் தூசி தட்டுகிற வேலையை யாரையும் செய்யவிடாதீர்கள். எதற்குப் பக்கத்தில் எது கிடந்தது என்பதும் ஒரு தடயம். செக் புத்தக அடிக்கட்டை, பெட்ரோல் காசு எழுதிய தாள், கூட்டக் குறிப்பு, இவற்றில் ‘ஆர்ட்வொர்க்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள். அட்டையை செலோடேப் போட்டு ஒட்ட வேண்டாம்.

ஆட்களிடம் கேட்கும்போது, ‘இது இன்னார் வரைந்ததுதானே?’ என்று தொடங்கினால் ஆமாம் என்றுதான் பதில் வரும். மரியாதைக்காகச் சொல்கிற ஆமாம் அது. நாலைந்து படங்களைப் பரப்பிவைத்து, குறிகளை ஒரு தாளால் மறைத்து, ‘இதில் எதையாவது முன்னே பார்த்த ஞாபகம் உண்டா?’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசவிடுங்கள். ‘எங்க மாமாதான் எல்லாத்தையும் வரைஞ்சார்’ என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். அவர் இரண்டு வரைந்திருப்பார். அந்த இரண்டு எது என்பதைச் சண்டை இல்லாமல் கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம். நாற்பது பிள்ளைகளை மேய்த்த டீச்சருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர்கள் கொஞ்சம் கைக்கு வந்த பிறகு கோட்டுக்கு வாருங்கள். அப்போது முகத்தைப் பார்க்காதீர்கள். பிரபல கார்ட்டூனிஸ்டின் மூக்கையும் கண்ணையும் எல்லோரும் காப்பியடிப்பார்கள். இத்தாலியில் ஜியோவன்னி மொரெல்லி என்று ஒருவர் இருந்தார், மருத்துவம் படித்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய ஓவியங்களை வரைந்தது யார் என்று சொல்ல அவர் பார்த்தது காதையும் விரல் நகத்தையும். யோசிக்காமல் கை தானாகப் போடுகிற இடங்கள் அவை. கார்ட்டூனில் காது, செருப்பு, புடவைக் கொசுவம், மாத்திரையைப் பிடிக்கும் விரல்கள். உங்கள் இரண்டாவது, ஒன்பதாவது பக்கங்களில் மனிதர்களுக்கெல்லாம் நாலே விரல். கட்டை விரல் மட்டும் பின்னோக்கி வளைகிறது. இரண்டும் ஒரே ஆள் என்று நான் பந்தயம் கட்டுவேன். யார் என்று சொல்லச் சொன்னால் மாட்டேன்.

அப்படி ஒரே கை என்று தெரிந்து, பெயர் தெரியாத ஆட்களை என்ன செய்வது? நம் முன்னோர்கள் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். பாட்டு இருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. ‘செம்புலப் பெயல்நீர்’ என்று பாடியவரைச் செம்புலப்பெயனீரார் என்றே குறித்துவிட்டார்கள். மீன் பிடிக்கும் தூண்டிலைச் சொன்னவர் மீனெறி தூண்டிலார். தெரியாத பெயரை அவர்கள் ஊகித்து எழுதவில்லை, வெற்றிடமாகவும் விடவில்லை. அவரவர் வேலையிலிருந்தே ஒரு பெயர் எடுத்துக் கொடுத்தார்கள். நீங்களும் ‘நாலுவிரல்காரர்’, ‘மீன்குறி முதலாமவர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உண்மைப் பெயர் கிடைத்தால் எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள்: கையெழுத்து இருக்கிறது, ரசீது இருக்கிறது, மகள் சொன்னார், கோட்டை வைத்து ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதினால் பின்னால் வருகிறவர் திருத்த முடியும்.

முன்னே நிறுத்தி வைத்த காரணத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. பற்றிய படங்களை வரைந்தவர்களில் சிலர் தாங்களே அந்த நோயோடு வாழ்ந்தவர்களாக இருக்கலாம், ஆதரவுக் குழுவில் உட்கார்ந்து வரைந்தவர்களாக இருக்கலாம். குவாமாஷுவில் நடந்ததற்குப் பிறகு பெயர் போடாமல் இருப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அந்த மாதிரிப் படத்தின் ஆளைக் கண்டுபிடித்தால் பெயரை முதலில் யாரிடமும் சொல்லாதீர்கள், பிள்ளைகளிடமும் கூடத்தான். அவரிடமோ, அவர் இல்லையென்றால் நெருங்கிய வீட்டாரிடமோ தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் நாலுவிரல்காரர் நாலுவிரல்காரராகவே இருக்கட்டும். தன் படைப்புக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் வரைந்தவருக்குக் கொடுக்கிறது. கோரிக்கை அவரிடமிருந்து வர வேண்டும்.

அச்சடிக்கலாமா என்ற கேள்விக்கு, நான் வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டே பதில் சொல்கிறேன். 1978-ஆம் வருஷத்து 98-ஆம் எண் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. பெயர் தெரியாத ஓவியத்துக்கு அது வெளிவந்த வருஷக் கடைசியிலிருந்து பொதுவாக 50 வருஷம் பாதுகாப்பு. அதற்குள் ஆள் தெரிந்துவிட்டால் அவர் ஆயுளும் இறந்த பிறகு 50 வருஷமும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் புத்தகத்துக்குக் காலம் முடியவில்லை. கமிட்டி காசு கொடுத்து வரைந்து வாங்கியிருந்தாலும் இந்த மாதிரிப் படங்களின் உரிமை, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத வரை வரைந்தவரிடமே நிற்கும். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றால் முதலாளியிடம், அரசுக்காகச் செய்தது என்றால் அரசிடம். பெயர் தெரியாதவருக்குப் பதிலாக வேறு யாராவது அனுமதி தரும் வழி அந்தச் சட்டத்தில் கிடையாது. ‘உரிமையாளர் தெரிந்தால் தொடர்பு கொள்ளவும்’ என்று ஒரு வரி போட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மனசைக் காட்டுமே தவிர, அது அனுமதி ஆகாது. பலூனில் இருக்கும் ஆங்கிலத்தை அழித்துத் தமிழ் எழுதுவதற்கும் அனுமதி வேண்டும்.

ஆனால் ஓவியத்தை மக்கள் பார்க்க வைப்பது அந்தச் சட்டம் உரிமையாளருக்கென்று ஒதுக்கிய செயல்களின் பட்டியலில் இல்லை. நகல் எடுப்பதுதான் பிரச்சினை. ஆகவே இந்த வருஷம் புத்தகத்தையே மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். ‘இதை வரைந்தவர்களைத் தேடுகிறோம்’ என்று பக்கத்தில் ஒரு அட்டை, எழுத ஒரு நோட்டு. கூட்டத்தில் வருகிற ஏதாவது ஒரு ஆயாவுக்கு அந்தத் தமிழ் எழுத்து யாருடையது என்று தெரிந்திருக்கும். கொடுக்கிற தாளுக்கு, சூபென் பெயரைச் சொன்ன அதே பிள்ளைகளையே புதிதாக வரையச் சொல்லலாம். சர்க்கரை வியாதிக்காரர் விரதம் இருக்கும்போது மாத்திரையை என்ன செய்வது என்று ஒரு படம் போட்டாலே பாதி மண்டபத்துக்குப் பயன்படும். அனுமதி கிடைத்த பழைய படங்களை அடுத்த வருஷம் அச்சடித்துக்கொள்ளலாம்.

அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். ஆறாவது பக்கத்தில் மண்டை ஓட்டை வரைந்து ‘எய்ட்ஸ் வந்தால் முடிந்தது’ என்று இருக்கிறதே, அதை அப்படியே மறுபடி போட வேண்டாம். மருந்து கிடைக்காத காலத்தின் பயம் அது. இன்றைக்குத் தினமும் மாத்திரை போட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் படம் இன்றும் சரி, எது தவறு என்பதைக் கிளினிக் சிஸ்டர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு மூன்று தமிழ்ப் பக்கங்களையும் பின் அட்டையின் உள்பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், ஓரம் வெட்டாமல். அதோடு உங்கள் கோயிலின் பழைய நோட்டீஸ், கையால் தமிழ் எழுதியது, இரண்டு மூன்று கிடைத்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.